துபாய் எவ்வளவு தூரம்?



நம் நாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களில் பலர் மும்பையில் விமானம் ஏறித் துபாயில் இறங்குகிறவர்கள். அந்தப் பயணத்தைப் பற்றி இன்று பேசுவோம்.

மும்பைக்கும் துபாய்க்கும் நடுவே அரபிக்கடல் இருக்கிறது. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 1,930 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தில்லிக்கு வான்வழியே சுமார் 1,760 கிலோமீட்டர். அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

விமானம் நடுவானில் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். மேலே ஏறவும் கீழே இறங்கவும் தனியாக நேரம் பிடிக்கும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும்.

இப்போது ஒரு பயணச் சீட்டைப் பார்ப்போம். மும்பையில் புறப்படும் நேரம் காலை 4.00. துபாய் போய்ச் சேரும் நேரம் காலை 5.40. அப்படியானால் பயணம் 1 மணி 40 நிமிடம்தானா?

இல்லை. துபாய் நமக்கு மேற்கே இருக்கிறது. அங்கே பொழுது பிந்தி விடிகிறது. அதனால் அங்குள்ள கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். சீட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். 1 மணி 40 நிமிடத்தோடு ஒன்றரை மணியைக் கூட்டுங்கள். 3 மணி 10 நிமிடம். இதுதான் உண்மையான பயண நேரம்.

திரும்பி வரும்போது கழிக்க வேண்டும். துபாயில் 5ஆம் தேதி 22.00 மணிக்கு விமானம் புறப்படுகிறது. 22.00 என்றால் இரவு 10 மணி. மும்பைக்கு வரும் நேரம் 02.30. இது 6ஆம் தேதி அதிகாலை. இடையில் நான்கரை மணி தெரிகிறது. ஒன்றரை மணியைக் கழித்தால் 3 மணி. அழைத்துவரப் போகிறவர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும்.

பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சீட்டில் '6ஆம் தேதி 00.30' என்று இருக்கிறது. இது எப்போது? 5ஆம் தேதி இரவு 12 மணி தாண்டி அரை மணி. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். ஆகவே 5ஆம் தேதி இரவு 9.30க்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 6ஆம் தேதி இரவு போனால் விமானம் முந்தின இரவே போயிருக்கும். கடன் வாங்கி எடுத்த சீட்டு வீணாகும். வேலையும் கைநழுவலாம்.

சீட்டு ஆங்கிலத்தில் இருந்தால் பயப்படாதீர்கள். அதிலுள்ள எண்கள் நீங்கள் கற்ற எண்கள்தான். தேதியைப் பாருங்கள். மணியைப் பாருங்கள். அது எந்த ஊர் நேரம் என்று கேளுங்கள். சீட்டு கைக்கு வந்த அன்றே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.