மூச்சுக் கவசமும் சட்டமும்



தூசியினின்று மூச்சைக் காத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. செந்நிறச் சாயப்பொருளான சாதிலிங்கத்தைப் பொடிசெய்த தொழிலாளர், அதன் நச்சுத்தூள் உள்ளே செல்லாதிருக்க, விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை முகத்தில் கட்டிக்கொண்டனர் என முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். 1556-இல் வெளிவந்த சுரங்கத் தொழில் நூலில் அகிரிகோலா என்பவர், கார்ப்பாத்திய மலைச் சுரங்கங்களை அடுத்த ஊர்களில் ஏழு கணவரை மணந்து எழுவரையும் நுரையீரல் நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்தனர் என்கிறார். தூசி கொல்லும் என்பதையும் முகத்தை மூட வேண்டும் என்பதையும் உலகம் நெடுங்காலமாக அறியும். அறிந்த செய்தி ஏன் பயன்படாமற் போகிறது என்பதைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், காலி பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு அருகே ஹாக்ஸ் நெஸ்ட் என்றோர் இடம் உண்டு. அங்கே 1930-இல், நியூ ரிவர் ஆற்று நீரைத் திருப்பி மின்சாரம் எடுப்பதற்காக, மலையைக் குடைந்து ஏறத்தாழ மூன்று மைல் நீளமுள்ள சுரங்கப்பாதை அமைக்கத் தொடங்கினார்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம் அது. வேலை கிடைத்தாற் போதும் என்று தென் மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர். மலைக்குள் இறங்கியவருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

அம்மலையின் பாறை பெரும்பகுதியும் தூய சிலிக்கா. உலோகத் தொழிலுக்கு அது விலைமதிப்புள்ள பொருளாதலால், பாதையை வேண்டிய அளவினும் அகலமாகவே குடைந்தனர். ஆகவே, இன்ன பாறை என்பது தெரியாமல் நடந்த வேலை என்று சொல்வதற்கில்லை. பாறையில் துளையிடும்போது நீரைப் பாய்ச்சினால் தூசி அடங்கும். இதுவும் அன்று சுரங்கத் துறை நன்கறிந்த முறையே. ஆனால் நீரின்றித் துளையிட்டால் வேலை விரைவாக நடக்கும். வேலை விரைவாகவே நடந்தது. வெடி வைத்த புகையும் தூளும் அடங்குமுன்னரே ஆட்கள் உள்ளே அனுப்பப்பட்டனர். சில அடி தொலைவில் நிற்பவர் தெரியவில்லை என்றும், வெளியே வரும்போது கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வெண்ணிறமாகத் தோன்றினர் என்றும் பின்னர்ச் சாட்சியம் கூறினார்கள்.

இங்கே நீங்கள் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உள்ளே வந்து பார்வையிட்டுச் சென்ற பொறியாளரும் மேலாளரும் மூச்சுக் கவசம் அணிந்திருந்தனர். துளையிட்டவருக்கும் கல் அள்ளியவருக்கும் அது கொடுக்கப்படவில்லை. கவசம் என்ற பொருள் அன்று இல்லாமலில்லை. சிறிது நேரமே இருந்து திரும்புவோருக்குக் கிடைத்தது; நாள் முழுதும் நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கடற்கரை மணலும் சிலிக்காதானே, அது நம்மை ஒன்றும் செய்வதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மணல் பருமனானது, மூக்கிலேயே தங்கிவிடும். துளைப்பொறி உடைத்தெழுப்பும் தூளில் பத்து மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் ஏராளம். நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ எழுபது மைக்ரான் என்பதை நினைத்தால் அவற்றின் நுண்மை விளங்கும். அவற்றுள் மிக நுண்ணியவை நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன. அங்கே துப்புரவு செய்யும் உயிரணுக்கள் அவற்றை விழுங்கி, தாமே மடிகின்றன. மடிந்த இடத்தில் வடு உண்டாகிறது. வடுவின்மேல் வடுவாக ஏறி, மென்மையான நுரையீரல் தடித்து இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இதனை நீக்கும் மருந்து இல்லை. காசநோயும் எளிதிற் பற்றிக்கொள்ளும். வழக்கமாகப் பல ஆண்டுகளில் முற்றும் இந்நோய், ஹாக்ஸ் நெஸ்டில் ஓரிரு ஆண்டுகளிலேயே பலரைக் கொன்றது.

எத்தனை பேர் இறந்தனர்? நிறுவனத்தார் ஒப்புக்கொண்ட தொகை 109. 1936-இல் அமெரிக்கக் காங்கிரஸின் குழு விசாரித்தபோது 476 என்றார்கள். மார்ட்டின் செர்னியாக் என்னும் மருத்துவர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் 764 என மதிப்பிட்டார். நோயுற்றுச் சொந்த ஊர் திரும்பியவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

1936-இல் தொழில் அமைச்சராயிருந்த பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார் சிலிக்கோசிஸ் பற்றிய தேசிய மாநாட்டைக் கூட்டினார். இதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே, 1934-இல், அந்நாட்டுச் சுரங்கத் துறை அலுவலகம் தூசிக் கவசங்களைச் சோதித்து ஒப்புதல் வழங்கும் முறையை ஏற்படுத்தியிருந்தது. அதாவது, கடையில் விற்கும் துணித்துண்டை எல்லாம் கவசம் என்று அழைக்க முடியாது. இன்ன அளவு தூசியைத் தடுக்கிறது என்று மெய்ப்பித்தாக வேண்டும். நீங்கள் பெருந்தொற்றின்போது கேள்விப்பட்ட என்-95 என்னும் பெயர், 1995-இல் திருத்தப்பட்ட ஒப்புதல் விதிகளிலிருந்து வந்ததே. வடிகட்டியில் எளிதிற் புகக்கூடிய, ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையேனும் அது தடுக்க வேண்டும்.

ஆனால் வடிகட்டி எவ்வளவு சிறந்ததாயினும் கன்னத்தோடு பொருந்தாவிட்டால் பயனில்லை. காற்று எளிய வழியையே நாடும். இடுக்கு இருக்குமிடத்தில் நுழையும். கவசத்தின் விளிம்பு படியுமிடத்தில் இரண்டு நாள் தாடி வளர்ந்தாலும் கசிவு உண்டாகும். ஆகவே அமெரிக்காவில் 1998-இல் திருத்திய விதி, முகத்தோடு இறுகப் பொருந்தும் கவசத்தை அணிவோருக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் பொருத்தச் சோதனை செய்ய வேண்டும் என்கிறது. சோதனை சுவையானது, நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தலைமேல் ஒரு கூட்டைக் கவிழ்த்து அதனுள் சாக்கரின் கரைசலைத் தெளிப்பார்கள். கவசம் அணிந்தவருக்கு இனிப்புத் தெரிந்தால் கவசம் கசிகிறது என்று பொருள். ஆவி தடுக்கும் கவசமாயின் வாழைப்பழ மணமுள்ள திரவம் ஒன்றைப் பயன்படுத்துவர்.

நம் நாட்டில் கல் அரைக்கும் பட்டறை ஒன்றுக்கு நான் சென்றிருந்தேன். கவசங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். உடனே ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். எல்லாம் உறை பிரியாமல் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. பெற்றுக்கொண்டதாகத் தொழிலாளர் இட்ட கையொப்பங்களும் பதிவேட்டில் ஒழுங்காக இருந்தன. வெளியே அவர்கள் தோளில் கிடந்த துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். வெயிலில் கவசம் புழுங்குகிறது, மூச்சு முட்டுகிறது என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னது முற்றும் உண்மை. எட்டு மணி நேரம் அணிந்திருப்பது எளிதன்று. எனவேதான் நீர் தெளித்தல், தூசியை எழுமிடத்திலேயே உறிஞ்சுதல், காற்றோட்டம் ஆகியவற்றை முதலிலும், முகத்தில் அணிவதை இறுதியிலும் வைக்கிறது தொழிற் பாதுகாப்பு நூல். பட்டறையில் அவ்வரிசை தலைகீழாக இருந்தது. கவசம் மலிவு, உறிஞ்சுபொறி விலை கூடுதல் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தூசிக் கவசம் நச்சு வாயுவைத் தடுக்காது. சாக்கடைக் குழியில் இறங்குவோருக்கு அது காப்பன்று. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எந்த வடிகட்டியும் ஆக்சிஜனை உண்டாக்கித் தராது. வெளியிலிருந்து குழாய் வழியாகவோ, முதுகில் சுமக்கும் உருளையிலிருந்தோ காற்று வர வேண்டும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் மாண்டார் என்று நாம் செய்தித்தாளில் படிக்கும் துயரங்களிற் பல இவ்வகையின.

ஹாக்ஸ் நெஸ்ட் பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. சமையலறை மேடைகளுக்கென்று சிலிக்காத் தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் செயற்கைக் கல் ஒன்று அண்மைக் காலத்தில் பரவியது. அதனைப் பொறியால் அறுத்த இளைஞர் பலர் பல நாடுகளில் சிலிக்கோசிஸ் நோய்க்கு ஆளாயினர். ஆஸ்திரேலியாவில் நீர் தெளிக்கவும் கவசம் அணியவும் விதிகள் இருந்தன. அவை பரவலாகப் பின்பற்றப்படவில்லை என்று அந்நாட்டுத் தொழிற் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து கூறியது. விதியை இன்னும் கடுமையாக்கிப் பார்க்கலாம் என்ற வாதமும் எழுந்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி, அக்கல்லைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையுமே அந்நாடு தடைசெய்துவிட்டது.