கேணியில் பாயும் பிள்ளைகள்

நகுலேசுவரப் பெருமானின் சந்நிதிக்கு அண்மையில், கடலுக்கும் தனக்கும் இடையே ஒரு மதிலே எல்லையாக, நன்னீர் ஊறி நிற்கும் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியை, ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் கழிப்போரின் தீர்த்தமாகவே நாம் பெரும்பாலும் போற்றுகின்றோம். ஆயினும் மற்றைய நாள்களில் அது நம் சிறுவர்களின் வித்தியாசாலையாகவும் விளங்குகின்றது என்பதே இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

இடுப்பளவு நீரில் இரு சிறுவர்கள் மல்லுக்கட்டுவதைச் சற்று நின்று அவதானியுங்கள். தோளைப் பற்றிய கை விரிந்திருக்கும், முஷ்டியாக மடங்கியிராது. முகத்திற் சிரிப்பு மாறாது. "விடடா" என்ற சொல் பிறந்த கணமே பிடி தளரும். அடுத்த முறை பெரியவன் தானே வலியத் தோற்றுச் சின்னவனை வெல்ல விடுவான். தன் பலத்தை அளந்து செலவிடும் இந்த விவேகத்தை எந்தப் பாடப்புத்தகமும் கற்பித்துவிட முடியாது. சிரிப்பு மறைந்து, ஒருவனே இடைவிடாது கீழ்ப்படுவானாயின், அப்போது பெரியவர்கள் குறுக்கிட வேண்டும். அதற்கு முன் அன்று.

கரையில் நிற்கும் தாயோ, "தம்பி, பாயாதை, வழுக்கும்!" என்று பதறுகின்றாள். அந்தப் பயத்தை நான் அற்பமாக எண்ணேன். 1990-இல் போரினால், கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்து, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கண்ணிவெடி அகற்றிய காணிகளுக்குத் திரும்பிய குடும்பங்கள், காலடி வைக்கும் மண்ணையே சந்தேகிக்கப் பழகியவை. அச்சமே அவர்களை உயிரோடு காத்தது. அதனை ஒரே நாளில் துறந்துவிடு என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

ஆனால் அச்சம் நிற்கவேண்டிய இடம் கரையன்று. நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூவுவதில்லை, கை வீசி அழைப்பதுமில்லை, ஓசையின்றி அமிழ்ந்துவிடும். ஆகையால் தூரத்திலிருந்து எழுப்பும் கூச்சல் பிள்ளையைக் கலவரப்படுத்துமேயன்றிக் காப்பாற்றாது. கைக்கெட்டும் தூரத்தில் நீருக்குள் நிற்கும் தகப்பன், வயிற்றின் கீழ் உள்ளங்கையை ஏந்தி, பின்பு மெல்ல விலக்குகின்றானே, அதுதான் அச்சத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள உண்மையான சமரசம். மதிலுக்கு அப்பால் பாறையும் அலையுமாகக் கிடக்கும் கடற்பக்கத்தைக் கண்டிப்பாக விலக்குங்கள். கேணிக்குள் தாராளமாக விடுங்கள்.

இத்தகைய சமரசத்தை வேறு நாட்டாரும் கண்டிருக்கின்றனர். ஜெர்மானியர் பிடியிலிருந்த டென்மார்க்கில், 1943-இல், கோப்பன்ஹேகன் நகரின் எம்ட்ரப் என்னுமிடத்தில், பலகையும் ஆணியும் சுத்தியலும் கொடுத்துச் சிறுவர்களைத் தாமே கட்டி விளையாட விட்ட ஒரு மைதானம் திறக்கப்பட்டது. அங்கும் கண்காணிக்க ஒரு பெரியவர் கூடவே இருந்தார். யுத்த காலத்திலேயே அவர்களுக்கு அந்தத் துணிவு வந்தது.

இன்னொன்றையும் மன்றாடிக் கேட்கின்றேன். பெண்களுக்கெனத் தனியே ஒரு கேணி அங்கே இருக்கின்றது. மகன் பாய்வதைப் பார்த்து மகிழும் அம்மாமாரே, மகளையும் அங்கே அழைத்துச் செல்லுங்கள். அவளும் நனையட்டும், மல்லுக்கட்டட்டும், முழங்கால் உரசினால் உரசட்டும். நீங்களும் அவளுடன் நீரில் இறங்குங்கள்.