படிக்க இடம் கிடைத்தது, தங்க இடம் எங்கே?

(வெருகலில் பெற்றோர் மத்தியில் நாங்கள் ஆற்றிய உரை)

 

மலைநாட்டுத் தோட்டத்துச் சனங்களுக்கு வெருகலில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நமக்குள்ளே சொந்தம் இருக்கிறது. நம்ம தோட்டங்களுக்கு நடுவே ஓடுற ஆறுகள் மாவலியில் சேருகின்றன. அந்த மாவலியின் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. மலையில் மழை பிடித்தால் இங்கே உங்கள் வாசலில் வெள்ளம். இன்னொரு சொந்தமும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 100க்கு 5 இடம், கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு என்று தனியாக ஒதுக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. திருகோணமலையும் இருக்கிறது. ஆகவே உங்கள் பிள்ளையின் கஷ்டமும் எங்கள் பிள்ளையின் கஷ்டமும் ஒன்றுதான்.

இந்த நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்க மட்டும் நாம் 1970கள் வரை காத்திருந்தோம். எப்படியோ படித்தோம், படிப்பித்தோம். இன்றைக்கு நம்ம பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். பாடத்துக்குக் காசு இல்லை, சரி. ஆனால் ராத்திரி தலை சாய்க்கிற இடத்துக்குக் காசு வேண்டும். இலவசக் கல்வி வகுப்பறை வாசலோடு நின்றுவிடுகிறது.

முன்பு அப்படி இருக்கவில்லை. 1952இல் பேராதனையில் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியபோது, மாணவர் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பதே திட்டம். அருணாசலம் மண்டபம், இராமநாதன் மண்டபம் எல்லாம் அந்த எண்ணத்தில் எழுந்தவை. பிறகு பல்கலைக்கழகங்கள் பெருகின, மாணவர் தொகையும் பெருகியது. கட்டில்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

கிழக்கைப் பாருங்கள். 1981இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1986இல் அது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. 2001இல் திருகோணமலை வளாகம் தனி வளாகமாகி, இன்று நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இயங்குகிறது. அட்டன், பதுளைப் பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள். விடுதியில் பொதுவாக முதலாம் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும்தான் முதலிடம். நடுவில் இருக்கிற பிள்ளை வெளியில் அறை தேட வேண்டும். நிலாவெளியோ சுற்றுலா ஊர். வெள்ளைக்காரருக்கு நாள் வாடகைக்கு விடக்கூடிய அறையை மாணவருக்கு மாத வாடகைக்குக் கொடுக்கப் பலருக்கு மனம் வராது. அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. யுத்தமும் 2004 சுனாமியும் அந்தக் கரையில் எத்தனை வீடுகளைத் தின்றன! இருக்கிற ஓர் அறை வாடகையில் அடுப்பெரிக்கிற தாய்மாரும் அங்கே உண்டு.

வெருகல் பிள்ளை தினமும் போய் வரலாமே என்று கேட்பார்கள். முன்பு துறைக்குத் துறை பாதையில் ஏறிக் கடந்த வழியில் இன்று பாலங்கள் இருக்கின்றன, உண்மை. ஆனாலும் மூதூர், கிண்ணியா எல்லாம் தாண்டித்தான் திருகோணமலை. அதற்கும் அப்பால் கோணேசபுரி. பின்னேர விரிவுரை முடிந்து ஒரு பொம்பளப் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு வந்து சேரும்?

காசுக் கணக்கைப் பார்ப்போம். மகாபொல உதவி நெடுங்காலம் மாதம் 5000 ரூபாவாக இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7500 ஆக்கப்பட்டது. 2022 நெருக்கடிக்குப் பிறகு அரிசி, பருப்பு விற்கிற விலையில் அது சாப்பாட்டுக்கே போதாது. தோட்டத்தில் 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அதுவும் பேர் விழுந்தால்தான். வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டால், அம்மாவின் தோடுதான் அடகுக் கடைக்குப் போகிறது. நாங்கள் அறிந்த ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படி வைக்கத் தோடும் இருக்கவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத அறையில் பயந்து பயந்து இருந்து, இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டு வந்துவிட்டது. அந்தப் பிள்ளை பரீட்சையில் தோற்கவில்லை. ஒரு தாழ்ப்பாள் இல்லாமல் தோற்றது.

இது நம்ம ஏழைப்பட்ட நாட்டுக் குறை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2022இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகமே, தங்க இடம் கிடைக்காவிட்டால் வர வேண்டாம் என்று வெளிநாட்டு மாணவருக்குச் சொன்னது. அவர்களுக்குத் திரும்பிப் போக வேறு வழி இருக்கலாம். நம்ம பிள்ளைக்குத் திரும்பினால் கொழுந்துக் கூடையும் கடை வேலையும்தான்.

என்ன செய்யலாம்? நாங்கள் சொல்வது இதுதான்.

முதலாவது, அனுமதிக் கடிதம் வந்த அன்றே விடுதி விண்ணப்பத்தைப் பற்றி விசாரியுங்கள். கிராம சேவகரின் வருமான அத்தாட்சியைத் தயாராக வைத்திருங்கள். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாமல் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து பிந்தியது எத்தனை தடவை! தபால் கிடைக்கும் நல்ல விலாசம் ஒன்றைக் கொடுங்கள்.

இரண்டாவது, பெற்றோர் நேரில் போய்ப் பார்க்காமல் அறைக்குக் காசு கட்டாதீர்கள். தாழ்ப்பாள், கக்கூசு, தண்ணீர், ரோட்டு வெளிச்சம், பஸ் தரிப்பு, எல்லாம் பாருங்கள். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து எடுத்தால் வாடகையும் குறையும், துணையும் இருக்கும். வெளி அறையில் பகிடிவதை நடந்தாலும் குற்றம் குற்றம்தான். அதற்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிள்ளை வாய் திறந்து சொல்ல வீட்டில் இடம் கொடுங்கள்.

மூன்றாவது, நாம் ஒருவருக்கொருவர் கை கொடுப்போம். உங்கள் பிள்ளை பேராதனைக்கு வந்தால், கண்டி, கம்பளைப் பக்கம் நம்ம உறவுகள் ஒரு நல்ல வீடு பார்த்துத் தரட்டும். எங்கள் பிள்ளை கோணேசபுரிக்கோ வந்தாறுமூலைக்கோ வந்தால், நீங்கள் ஒரு நல்ல வீடு காட்டுங்கள். நம்பிக்கையான வீடுகளின் பெயர்களை இரண்டு பக்கமும் எழுதி வைப்போம். இதற்குப் பெரிய பணம் வேண்டாம், ஒரு கொப்பியும் நல்ல மனமும் போதும்.

ஆனால் ஒன்று. கொப்பி விடுதி ஆகாது. எல்லா வருடத்துப் பிள்ளைகளுக்கும் கட்டில் வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்பதை நாம் விடக்கூடாது. வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோட்டு, கரண்ட் கேட்கிறோம் அல்லவா? அதோடு விடுதியையும் கேளுங்கள். மலையிலும் கேட்போம், இங்கே கரையிலும் கேளுங்கள். இரண்டு குரலும் சேர்ந்தால் காது கொடுத்தே ஆக வேண்டும்.