அமுது என்னும் பெயர்

அவையோர் அறிந்த சொல்தான் விஸ்கி. அதன் மூலம் கேலிக் மொழியின் ‘உஷ்கே பெஹா’, பொருள், உயிர்நீர். வடித்தெடுத்த மதுவுக்கு இலத்தீனில் வழங்கிய ‘அக்வா வீட்டே’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு அது. பேச்சில் தேயத் தேய உயிர் உதிர்ந்து நீர் மட்டும் எஞ்சியது. குடியால் கெட்ட இல்லங்களைக் கேட்டால், பொருத்தமே என்பர்.

1948இல் பெங்களூரில் தோன்றிய வடிசாலை ஒன்று ‘அம்ருத்’ எனப் பெயர் பூண்டது. 2004இல் அப்பெயரிலேயே தன் விஸ்கியை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகம் செய்தது. வடமொழியில் அச்சொல் சாவாமையைக் குறிக்கும்; கிரேக்கரின் ‘அம்ப்ரோசியா’வும் அவ்வேரினதே. உயிர்நீருக்குச் சாவாமை என்று பெயர்! கூறியது கூறல்தான்.

தமிழோ அச்சொல்லைச் சோற்றுக்கு அளித்தது. வைணவர் இல்லங்களில் ரசம் சாற்றமுது, பொரியல் கறியமுது, பாயசம் திருக்கண்ணமுது. உண்பதே அமுது செய்தல். இப்பகுதியின் பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பியைத் தம் இல்லத்தில் அமுது செய்ய இராமானுசர் அழைத்தார். குலத்தால் தாழ்ந்தவரென்று கருதி, அவர் உண்டு சென்றதும் மிஞ்சியதை அகற்றி, இடத்தைத் தூய்மை செய்து, துணைவியார் மீண்டும் சமைத்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். நம்பி உண்ட மிச்சமே அமுதென்று விரைந்து வந்த இராமானுசருக்கு அன்று கிடைத்தது புதுச்சோறு.