அளந்த பின் திருத்துக

குனோங் ராபாட்டில் நாம் எழுதிய சொற்பிரிப்பு நிரல் மிக மெதுவாக ஓடியது. புணர்ச்சி விதிகளே காரணம் எனக் கருதி, சிலவற்றை நீக்கவும் துணிந்தோம். நீக்கியிருப்பின் 'மரவேர்' என்பதை 'மரம்', 'வேர்' எனப் பிரிக்க இயலாது போயிருக்கும்.

நோயின் மூலத்தை அறிந்தே மருந்திடச் சொன்னவர் வள்ளுவர். எப்பகுதி எவ்வளவு நேரம் கொள்கிறது என அளக்கும் கருவியை ஓடவிட்டோம். விதிகள் குற்றமற்றவை. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிக் கோப்பு முழுவதையும் மீண்டும் படித்ததே தாமதம். அதனை ஒருமுறை மட்டும் நினைவகத்தில் ஏற்றினோம், நிரல் விரைந்தது.

நிரலின் 4 விழுக்காட்டிற்கும் குறைந்த பகுதியே பெரும்பாலும் ஓடுநேரத்தில் பாதிக்குமேல் கொள்கிறது என, ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்த டொனால்டு குனுத் 1971இல் எழுதினார்.

ஆகவே மாணவர்களே, விரைவின் பெயரால் இலக்கணத்தை வெட்டுமுன் அளந்து பாருங்கள்.