ரோமின் குழாயும் நம் உறைகிணறும்

(காரைக்காலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டைய ரோமானியரின் வாழ்க்கை வசதிகள் என்று அழைப்பிதழில் கண்டதும், காரைக்காலில் உட்கார்ந்து ரோமாபுரியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைத்திருப்பீர்கள். இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு வணிகர் கிரேக்க மொழியில் எழுதிய ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளுஸ்’ என்னும் கடல்வழிக் கையேடு, நம் கிழக்குக் கரையில் மூன்று துறைகளை வரிசையாகச் சொல்கிறது: காமரா, பொதுகே, சோபட்மா. காமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் (இன்றைய பூம்புகார்) என்பர் பலர்; காரைக்கால்தான் என்பாரும் உண்டு. ஊர்ப்பற்று என்னை இரண்டாவது கட்சிக்கு இழுக்கிறது. சான்றுகளோ முதல் கட்சியின் பக்கமே கூடுதல். பொதுகே விஷயத்தில் அவ்வளவு சண்டை இல்லை, அது அரிக்கமேடு. நம் புதுச்சேரி ஆட்சிப்பரப்புக்குள்ளேயே இருக்கிற இடம்.

முதலில் ரோமானியரின் பக்கம் போவோம். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை பொம்பெயி நகரை மூடியபோது, அங்கே தெருவுக்குத் தெரு சூடான உணவு விற்கும் கடைகள் இருந்தன. கல்லாலும் சுதையாலும் கட்டிய மேடையில் பெரிய ஜாடிகளைப் பதித்து வைத்திருப்பார்கள். 2020-இல் முழுதாக வெளிப்பட்ட ஒரு கடையின் ஜாடிகளில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. மேடையின் முகப்பில் வாத்தும் சேவலும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன. நம் ஊர் மெஸ்களுக்கு முன்னோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கடைகள் பெருகியதற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல. ஏழைகள் வாழ்ந்த அறைகள் பலவற்றில் அடுப்பே கிடையாது.

தண்ணீர் அவர்களுடைய பெரிய சாதனை. கி.மு. 312-இல் முதல் நீர்க்கால்வாயைக் கட்டினார்கள். பின்னர் ரோம் நகருக்கு மட்டும் பதினொரு கால்வாய்கள் வந்தன. படங்களில் நாம் காண்பதெல்லாம் உயர்ந்த வளைவுகளை. உண்மையில் அவற்றின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில்தான் ஓடியது. 1739-இல் காரைக்காலுக்கு வந்து 1954-இல் விடைபெற்றுப் போன பிரெஞ்சுக்காரரின் நாட்டில், நீம் நகருக்கு ரோமானியர் வெட்டிய கால்வாய் ஒன்று உண்டு. ஏறக்குறைய 50 கி.மீ. நீளத்துக்கு அதன் மொத்த இறக்கம் 13 மீட்டர்கூட இல்லை. இன்றைய மட்டக்கருவிகள் எதுவும் கையில் இல்லாமல் செய்த வேலை அது.

கி.பி. 97-இல் ரோம் நகரின் நீர் அதிகாரியாக வந்த ஃபிரான்டினஸ், தன் துறையைப் பற்றி ஒரு நூலே எழுதி வைத்தார். படித்தால் சிரிப்பு வரும். அனுமதித்த அளவைவிடப் பெரிய வாயுள்ள குழாயை மாட்டுகிறார்கள், தெருவுக்கு அடியில் ஓட்டை போட்டுத் திருடுகிறார்கள், துறையின் ஆட்களே அதற்கு உடந்தை என்று புலம்புகிறார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளில் குழாய் மாறியிருக்கிறது, புலம்பல் மாறவில்லை.

அதே நூல் வேறொன்றையும் சொல்கிறது. அந்தக் கால்வாய்களைப் பழுதுபார்க்க 240 பேர் ஒரு குழுவாகவும் 460 பேர் மற்றொரு குழுவாகவும் இருந்தார்கள். எழுநூறு பேரும் அடிமைகள். குளியல் மண்டபங்களின் தரைக்கு அடியில் அடுப்பின் சூடு பரவியதென்று வியக்கிறோம். அந்த அடுப்புக்குள் விறகு தள்ளியவர்களும் அடிமைகளே. ஆகவே ரோமானியர் நம்மைப்போலவே வாழ்ந்தார்கள் என்று யாராவது சொன்னால், எந்த ரோமானியர் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் சிவப்புப் பாண்டங்களின் ஓடுகளும், மது கொண்டுவந்த இருகைப்பிடி ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் தோண்டினர். அந்த ஜாடிகளில் சில ஸ்பெயின் பக்கத்திலிருந்து மீன் சாறு ஏற்றி வந்தவை என்று தெரிந்தது. மீனுக்கும் கருவாட்டுக்கும் பஞ்சமே இல்லாத கரைக்கு மீன் சாறு இறக்குமதி! வந்து தங்கிய வணிகரின் நாக்குக்காக வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

அரிக்கமேட்டில் அதைவிட என்னை ஈர்ப்பவை சுடுமண் உறைகள். கடலோர மணலில் கிணறு வெட்டுவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோண்டத் தோண்டப் பக்கச் சுவர் சரியும். கீழே போகப் போக வேறோர் ஆபத்து: மழைநீர் ஊறிய நல்ல தண்ணீர் மேலாக மெல்லிய படலமாகத்தான் நிற்கும், அதற்குக் கீழே உப்பு. ஆழம் தப்பினால் கிணறு கெட்டது. இதற்கு நம் முன்னோர் கண்ட விடை, களிமண்ணில் வட்ட உறைகளை வனைந்து சுட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. ஓர் உறையைத் தரையில் வைத்து அதன் உள்ளே மண்ணை அள்ளினால் அது தானாக இறங்கும்; மேலே அடுத்ததை வைக்க வேண்டும். சுவரும் சரியாது, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளவும் முடியும். இன்று சிமெண்ட் உறை இறக்குகிற தொழிலாளி செய்வதும் இதே வேலைதான். தரங்கம்பாடியைத் தாண்டி வடக்கே போனால் வரும் பூம்புகார் கடலோரத்தில், அலை ஏறி இறங்கும் இடத்திலேயே இத்தகைய உறைகிணறுகள் வெளிப்பட்டன. கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதற்கும் அவையே சாட்சி.

பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் படகுகள் அணையும் செங்கல் துறை கிடைத்தது. அதிலிருந்த மரத்தின் காலம் ஏறத்தாழ கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. வானகிரியில் வாய்க்காலோடு கூடிய செங்கல் நீர்த்தேக்கம் கிடைத்தது. வைகைக் கரையில், கீழடியின் 2024 அகழாய்வில், ஒன்றுக்குள் ஒன்று செருகிய ஆறு சுடுமண் உருளைக் குழாய்கள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றும் 36 செ.மீ. நீளம். மலை அருகில் இருந்தவன் கல்லில் கால்வாய் கட்டினான். வண்டல் மண்ணில் இருந்தவன் அந்த மண்ணையே சுட்டான். இதில் யார் உயர்த்தி என்ற கேள்விக்கே இடமில்லை.

மாணவர்களுக்கு இன்னொன்று. முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகர் ஒருவரின் மகன். அந்தப் பாட்டில் அரசனின் பாசறைக் கூடாரத்தில் யவனர், அதாவது மேலைநாட்டார், வேலை செய்கிறார்கள். அதே பாசறையில் நீர் சொட்டும் நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் அறிவிப்பவர்களும் இருக்கிறார்கள். நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிகிறது. எதிர்த் திசையில் மிளகும் மெல்லிய துணியும் போயின. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி குறைபட்டார். பொம்பெயியின் இடிபாட்டில் 1938-இல் ஓர் இந்தியத் தந்தச் சிற்பமும் கிடைத்தது. நல்லதைக் கண்டால் இரு பக்கமும் வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் எங்களிடமே முதலில் இருந்தது என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளை அந்த வணிகர்கள் படித்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

மீண்டும் ரோமின் கால்வாய்களுக்கு வருவோம். கி.பி. 537-இல் கோத் இனத்தாரின் படை ரோமை முற்றுகையிட்டு அவற்றை அறுத்தது. எழுநூறு பேர் பார்த்துக்கொண்ட ஏற்பாட்டின் முதுகெலும்பு அத்தோடு முறிந்தது. நகரத்தார் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் திரும்பினார்கள். காவிரியின் கடைமடையில் இருக்கிற நமக்கு இது புதிய பாடம் அல்ல. மேலே கல்லணை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், இங்கே வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் வராது. குடிமராமத்து என்று ஊரே கூடி மண்வெட்டி எடுத்த வழக்கத்தை, வரலாற்று நூல்களில் கோட்டை கொத்தளங்களுக்குப் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். அரசலாற்றங்கரையிலோ கடலோரத்திலோ வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது வட்ட வட்டமாகச் சுடுமண் உறை தெரிந்தால், அதை உடைத்து மேட்டில் கொட்டிவிடாதீர்கள். உறைகள் எத்தனை, எந்த ஆழத்தில் என்று குறித்து, படம் எடுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ சொல்லுங்கள். காமரா எங்கே என்ற வழக்குக்கு அதுவும் ஒரு சான்றாகலாம்.