இன்டர்நெட் போய்விட்டதா? எது வரை இருக்கிறது என்று பாருங்கள்

(ஸ்ரீராம்புரத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

என்னை அறிமுகப்படுத்தியவர் "கம்ப்யூட்டர் நிபுணர்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டார். அதை முதலில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் 1971-ல் பி.எஸ்ஸி. ரசாயனம் தேறியவன். மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் என் மேஜைக்கு வந்தபோது எனக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே இதை நிபுணரின் உபந்நியாசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சாயந்திரம் ஏமாற இருந்து மயிரிழையில் தப்பித்தவனின் வாக்குமூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருஷம் கார்த்திகை மாதம். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஐந்து நாள் கழித்து ஊர் திரும்பினோம். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் சாயந்திரம் ஐந்து மணிக்கு, சிங்கப்பூரில் இருக்கும் பேத்திக்குக் கம்ப்யூட்டர் வழியாக ரசாயனம் சொல்லிக் கொடுப்பது வழக்கம். அங்கே அப்போது இரவு ஏழரை. மறுநாள் அவளுக்குப் பரீட்சை. நாலரைக்கே கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எந்த இணையதளத்தைத் தட்டினாலும் ஒரு பெரிய எச்சரிக்கை. மெயிலும் வரவில்லை, வீடியோவும் வரவில்லை. 'கனெக்‌ஷன்' என்ற ஒரு சொல் என் கண்ணில் பட்டது. சரி, லைன் போய்விட்டது என்று தீர்மானித்துவிட்டேன்.

அடுத்து நான் செய்தது மகா தவறு. கையிலிருந்த ஃபோனில் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி, முதலில் வந்த நம்பரைக் கூப்பிட்டேன். எடுத்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "சார், உங்கள் லைனில் வைரஸ் வந்திருக்கிறது. ஒரு ஆப் அனுப்புகிறேன், ஃபோனில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒன்பது இலக்க நம்பர் ஒன்று வரும், சொல்லுங்கள். புகார் பதிவுக்குப் பத்து ரூபாய் கட்டினால் போதும்" என்றார். ஆப்பும் இறங்கிவிட்டது. ஒன்பது இலக்கமும் திரையில் வந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கப் போகிற சமயத்தில்தான், கோப்பு பார்த்த பழைய புத்தி எழுந்தது. பழுது லைனில் என்கிறார், அதற்கு என் ஃபோனின் திரை இவருக்கு எதற்கு? கேட்டேன். மரியாதை போய்க் குரல் உயர்ந்தது. வைத்துவிட்டேன். என் பென்ஷன் வரும் பாங்கின் ஆப் அதே ஃபோனில்தான் இருக்கிறது என்று நினைத்தபோது கை நடுங்கியது.

அந்த ஒன்பது இலக்கத்தைச் சொல்லியிருந்தால், என் ஃபோன் திரை முழுவதும் அவருக்குத் தெரியும். பாங்க் அனுப்பும் ஓ.டி.பி.யும் சேர்த்து. தொலைவிலிருந்து திரையைப் பார்க்க உதவும் இத்தகைய ஆப்பை வைத்து, இதே ஒன்பது இலக்க வழியில் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் பாங்க் 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, 'பாவம், விவரம் தெரியாதவர்கள்' என்று சொன்னவன் நான்! கம்பெனியின் நம்பர் வேண்டுமானால் மாதாந்திர பில்லில் அச்சிட்டிருப்பதை மட்டும் எடுங்கள். கூகுளில் தேட வேண்டாம். ஒருவேளை பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளைகளிடம் மறைக்காமல் உடனே 1930 என்ற நம்பருக்குக் கூப்பிடுங்கள். தேசம் முழுமைக்கும் அந்த ஒரே நம்பர்தான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்துவதற்கு அவ்வளவு வாய்ப்பு.

ஆப்பை நீக்கிவிட்டு ஒரு டம்ளர் தீர்த்தம் சாப்பிட்டேன். புத்தி தெளிந்தது.

பி.எஸ்ஸி. படித்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். லாபில் சால்ட் அனாலிசிஸ் செய்தது ஞாபகம் இருக்கிறதா? என்ன உப்பு என்று தெரியாது. அதைக் கரைத்து முதல் குரூப்புக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவோம். படிவு வந்தால் வடிகட்டிவிட்டுத்தான் இரண்டாம் குரூப்புக்குப் போக வேண்டும். அவசரப்பட்டு முதல் குரூப்பைத் தாண்டினால், ஈயம் இரண்டாம் குரூப்பிலும் வந்து நின்றுகொண்டு நம்மைக் குழப்பும். பேத்திக்கு அந்த வாரம் அதைத்தான் சொல்லிக் கொடுக்க இருந்தேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் வீட்டில் முதல் குரூப்பைக்கூடப் பார்க்காமல் யாரோ ஒருவனை ஃபோனில் கூப்பிட்டிருக்கிறேன்! எனவே வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பெட்டி. இப்போது பெரும்பாலான வீடுகளில் ஃபைபர் வந்துவிட்டது. சுவரில் இருக்கும் பெட்டியில் 'பான்' என்று ஒரு விளக்கு, 'எல்.ஓ.எஸ்.' என்று ஒரு விளக்கு. முதலாவது பச்சையாக நிலைத்து எரிந்தால் வெளியிலிருந்து வெளிச்சம் வருகிறது என்று அர்த்தம். இரண்டாவது சிவப்பாக மினுக்கினால் வெளிச்சம் வரவில்லை. தெருவில் மரக்கிளை வெட்டும்போதோ, பள்ளம் தோண்டும்போதோ ஃபைபர் அறுந்திருக்கும். வீட்டுக்குள் நாம் எதைத் தட்டியும் பிரயோஜனமில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு. அந்த மெல்லிய ஃபைபர் ஒயரை மேஜைக்கும் சுவருக்கும் நடுவே மடக்கி வைத்திருந்தாலும் வெளிச்சம் கசிந்து இதே சிவப்பு விளக்கு எரியலாம். கழற்றி அதன் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள். உள்ளே வருவது 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை.

எங்கள் வீட்டில் விளக்கு பச்சை.

அடுத்து, அதே வைஃபையில் வேறொரு கருவி வேலை செய்கிறதா? ஃபோனில் பாருங்கள். ஆனால் பார்ப்பதற்கு முன் ஃபோனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஃபோன் ஓசைப்படாமல் சிம் கார்டு வழியாகப் போய்விட்டு வைஃபை நன்றாக இருப்பதுபோல் காட்டும். இந்த இடத்தில் ஏமாறாதவரை நான் பார்த்ததில்லை. டேட்டாவை நிறுத்தினேன். வைஃபையில் பேத்தியின் முகம் ஃபோனில் வந்தது! லைன் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மரியாதைக்கார மனிதர் சொன்னது முழுப் பொய். இந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதை முதலில் செய்திருந்தால் அவரைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.

பாடம் அன்று ஃபோனில்தான் நடந்தது. காடராக்ட் ஆபரேஷன் ஆன என் கண்ணுக்கு அவள் எழுதிக் காட்டிய சமன்பாடுகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. எப்படியோ சமாளித்தோம்.

இரவு மறுபடி உட்கார்ந்தேன். கோளாறு கம்ப்யூட்டருக்குள்தான், அதில் எந்த இடம்? இதற்கு 'பிங்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலி அனுப்பி எதிரொலி கேட்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயரையே வைத்தார். விண்டோஸில் தேடும் கட்டத்தில் சி-எம்-டி என்று அடித்தால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் பி-ஐ-என்-ஜி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, எண்ணைப் போட வேண்டும். நம் வீட்டுப் பெட்டியின் எண் பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பார்கள். அங்கிருந்து பதில் வந்தால் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டி வரை பாதை சரி. வராவிட்டால் ஒயரையோ வைஃபையையோ பாருங்கள். பல வீடுகளில் தரை துடைக்கும்போது ஒயர் நழுவியிருப்பதுதான் காரணம்.

கம்ப்யூட்டரின் சொந்த விலாசம் 169.254 என்று ஆரம்பித்தால், பெட்டி அதற்கு விலாசமே கொடுக்கவில்லை. அது தானாக ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பெட்டியை அணைத்து, அரை நிமிஷம் பொறுத்துப் போட்டால் பல சமயம் புதிதாக விலாசம் வாங்கிக்கொள்ளும். எல்லோரும் சொல்லும் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' வைத்தியத்தில் இருக்கும் சாஸ்திரம் இவ்வளவுதான்.

அதைத் தாண்டி வெளியுலகம். 8.8.8.8 என்பது கூகுள் 2009-ல் பொதுவுக்குத் திறந்த சேவையின் எண். ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம். அங்கிருந்து பதில் வந்து, ஆனால் இணையதளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் வரவில்லையென்றால், பாதை இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டைரக்டரி கெட்டிருக்கிறது. அதை டி.என்.எஸ். என்பார்கள். இது சிறிய விஷயமல்ல. டி.என்.எஸ். சேஞ்சர் என்ற வைரஸ், உலகெங்கும் நாற்பது லட்சம் கம்ப்யூட்டர்களில் புகுந்து, அந்த டைரக்டரியைத் திருடர்களின் டைரக்டரியாக மாற்றிவிட்டது. 2011 நவம்பரில் எஃப்.பி.ஐ. அவர்களைப் பிடித்தது. திருடர்களின் இயந்திரங்களை உடனே நிறுத்தினால் இத்தனை பேருக்கும் ஒரே நாளில் இன்டர்நெட் போய்விடும் என்று, நல்ல இயந்திரங்களை மாற்றி வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். அன்று நிறுத்தியபோது சுத்தம் செய்துகொள்ளாதவர்களுக்குத் தொடர்பு போயிற்று. லைன் நன்றாகவே இருந்தது, கேட்க ஆள்தான் இல்லை!

ஊர் முழுவதும் போகிற சந்தர்ப்பமும் உண்டு. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தில் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்து இந்தியாவில் எத்தனையோ அலுவலகங்கள் தவித்தன. அப்போதெல்லாம் வீட்டில் பிங் அடித்தால் பக்கத்துத் தளம் பதில் சொல்லும், அமெரிக்கா சொல்லாது. பொறுத்திருப்பதுதான் வழி.

என் கதைக்கு வருகிறேன். பெட்டி பதில் சொல்லிற்று. 8.8.8.8 பதில் சொல்லிற்று. பெயரைப் போட்டாலும் பதில் வந்தது. எல்லாக் குரூப்பும் பார்த்தாகிவிட்டது, உப்பு அகப்படவில்லை. மணி பத்தரை. மோர் கொண்டுவந்து வைத்த என் மனைவி திரையின் வலது மூலையைப் பார்த்தாள்.

"ஏன்னா, இது என்ன 2015 ஜனவரின்னு காட்டறது? என்னோட பஞ்சாங்கம்கூட இவ்வளவு பழசு இல்லையே!"

பத்து வருஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது கடிகாரம்.

விஷயம் இதுதான். பாங்க், மெயில் போன்ற தளங்கள் ஒவ்வொன்றும் தான் இன்னார் என்பதற்கு ஒரு சர்டிபிகேட் காட்டுகின்றன. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2015-ல் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவிடம் பத்து வருஷம் கழித்த தேதியிட்ட கடிதத்தை நீட்டினால் வாங்குவாரா? கம்ப்யூட்டரும் வாங்கவில்லை. இதே சங்கடம் மறுபக்கமாகவும் வரும். 2021 செப்டம்பர் 30 அன்று, லட்சக்கணக்கான தளங்கள் நம்பியிருந்த ஒரு மூல சர்டிபிகேட் காலாவதியாயிற்று. அப்டேட் செய்யாத பழைய ஃபோன்களிலும் கம்ப்யூட்டர்களிலும் பல தளங்கள் அன்றோடு திறக்கவில்லை.

தேதியைத் திருத்தினேன். எல்லாம் திறந்துகொண்டன. பிறகு அந்த எச்சரிக்கைப் பக்கத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பெரிய எழுத்துக்குக் கீழே, கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு வரி அச்சடித்தாற்போல் இருந்தது! நான் படிக்கவில்லை. அடிக்குறிப்பைப் படிக்காமல் கையெழுத்துக்கு அனுப்பினார்கள் என்று எத்தனை கோப்புகளைத் திருப்பியிருப்பேன்.

கடிகாரம் ஏன் பின்னால் போயிற்று என்றால், அதற்கும் நானே காரணம். கம்ப்யூட்டரின் உள்ளே சி.ஆர்.2032 என்று ஒரு பட்டன் செல், மூன்று வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பிளக்கில் ஸ்விட்ச் போட்டிருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கரண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். நானோ சிக்கனமென்று தினமும் இரவு பிளக் ஸ்விட்சை நிறுத்துகிறவன். செல் வருஷக்கணக்கில் தனியாக உழைத்துத் தேய்ந்து, ஐந்து நாள் கல்யாணத்தில் உயிரை விட்டது. இன்டர்நெட் மூலம் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. ஆனால் வித்தியாசம் அளவுக்கு மீறினால் அது கைவிட்டுவிடுவதும் உண்டு.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். உங்கள் கடிகாரம் சரியாக இருந்து, பாங்க் தளத்தில் இதே எச்சரிக்கை வந்தால், 'பரவாயில்லை, மேலே போ' என்ற பட்டனை அழுத்தாதீர்கள். அப்போது சந்தேகப்பட வேண்டியது எதிர்ப்பக்கத்தை. ரயில் நிலையம், ஓட்டல் வைஃபையில் இது வந்தால் பாங்க் வேலையை வீட்டுக்கு ஒத்திப்போடுங்கள்.

மறுநாள் காலை ஸ்ரீராம்புரம் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, சிக்கபேட்டையில் இறங்கி, எஸ்.பி. ரோடு வரை நடந்தேன். கடைக்காரப் பையன் செல்லை எடுத்துக் கொடுத்து, "எந்தப் பக்கம் மேலே வரணும் தெரியுமா தாத்தா?" என்று தமிழிலேயே கேட்டான். பிளஸ் போட்ட பக்கம் என்றேன். பிளக்கைக் கழற்றிவிட்டு நானே மாற்றினேன். மாற்றினதும் தேதியை ஒரு தடவை வைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பேத்தி சாயந்திரம் கூப்பிட்டாள். பரீட்சையில் ஈயம்தான் வந்ததாம்.

கேள்விகள் இருந்தால் காபிக்குப் பிறகு கேளுங்கள். பில்லில் இருக்கும் நம்பரையும் 1930-ஐயும் ஒரு சீட்டில் எழுதி கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒட்டிவிட்டு வந்தால், மற்ற சந்தேகங்களை நிதானமாகப் பேசலாம்.